இரண்டாம் பக்கத்துக் கரி

குருந்தங்குளம்
3.2.2025

மருமகள் தீபலட்சுமிக்கு,

மாமன் பொன்னுச்சாமி சொல்லச் சொல்ல உன் அத்தை சண்முகவடிவு எழுதுகிறாள். போனில் பேசினால் நீ ஒரு பக்கம் கத்துகிறாய், நான் ஒரு பக்கம் கத்துகிறேன், கடைசியில் யார் முதலில் வைத்தது என்று தனியாக ஒரு சண்டை வருகிறது. எழுத்தில் நீ நடுவில் புகுந்து பேச முடியாது. அதனால் எழுத்து.

நம் கரிக்கு நீ கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்த வெப்சைட்டிலிருந்து, மற்றவர்கள் பேர் எல்லாம் போட்ட பக்கத்தை ஏன் எடுத்தாய்? யாரைக் கேட்டு எடுத்தாய்?

போன வாரம் நரிக்குடி பஸ் ஸ்டாண்டில் எம்.ரெட்டியபட்டி உதயகுமார் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். மைக் செட் வைத்திருக்கிறானே, அவன்தான். "என்ன மாப்ளே, ஆளைத் தெரியலையோ?" என்றேன். "நீங்கதான மாமா எங்க பேரை அழிச்சீக. அழிச்ச பொறவு தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன" என்றான். பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். இந்த வயதில் எனக்கு இது தேவையா?

நீ கோயமுத்தூரில் உட்கார்ந்து ஒரு விரலால் அழித்துவிட்டாய். அந்தப் பேர்கள் எப்படி வந்தன என்று தெரியுமா? நரிக்குடியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிற ரைஹானா உதயகுமாருக்கு இதே மாதிரி வெப்சைட் ஒன்று செய்து கொடுத்தது. பந்தல்குடி மதார் சாகிபுவின் வாடகைப் பாத்திரக் கடைக்கு ஒன்று. ஆட்டுக்கு மருந்து விற்கிற கோகுலுக்கு ஒன்று. அவர்கள் எல்லாரும் தங்கள் பக்கத்தில் நம் பேரைப் போட்டார்கள். யாரும் கேட்டுப் போடவில்லை. போட்டவனுக்கு நாம் திருப்பிப் போட வேண்டாமா? இதற்குப் பேர் செய்முறை. உன் சடங்குக்கு மதார் சாகிபு பெரிய அண்டா இரண்டும் தேக்சா மூன்றும் ஆளோடு அனுப்பி, வாடகை என்ற பேச்சே எடுக்காமல் போனார். உதயகுமாரின் அப்பா மைக் செட் குழாயை வேப்பமரத்தில் கட்டும்போது கிளை முறிந்து விழுந்து, தோளில் துண்டைக் கட்டிக்கொண்டு பாட்டுப் போட்டார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. யார் நமக்கு என்ன செய்தார்கள் என்பது தெரியும்.

இன்னொன்று. பத்துப் பேர் நம் பேரைச் சொன்னால்தானே ஊர் நம்பும்? உன் கூகுளும் அப்படித்தான் என்று ரைஹானா சொல்கிறது. நாம் மேலே வர வேண்டும், தெரிந்துகொள். வராவிட்டால் நம் ஏழு வீட்டு மூட்டத்தில் எரித்த கரியும் மறுபடி அந்தப் பந்தல்குடி கரி வியாபாரி மாரீஸ்வரன் வாசலுக்குத்தான் போக வேண்டும். நான் போக மாட்டேன். கரியைக் கண்மாயில் கொட்டினாலும் கொட்டுவேன்.

நேற்றே போய் ரைஹானாவை வைத்து அந்தப் பக்கத்தைத் திருப்பிப் போட்டுவிட்டேன். எடுத்துப் பார்.

மாமன்.

(தீபா, கண்மாயில் கொட்ட விடமாட்டேன், பயப்படாதே. வேளைக்குச் சாப்பிடு. அத்தை.)


கோயம்புத்தூர்
10.2.2025

மாமாவுக்கு,

அத்தை, இதை மாமாவுக்கு வாசிக்கும்போது என் கோபத்தையும் சேர்த்து வாசியுங்கள். சாந்தமாக வாசித்துவிடாதீர்கள்.

உதயகுமார் அண்ணன் பேரையும் மதார் சாகிபு பேரையும் மட்டும் பார்த்தா நான் அந்தப் பக்கத்தை எடுத்தேன்? அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்டினார்களா? சீட்டாட்டம். உடம்பு இளைக்க மாத்திரை. ஒரே நாளில் லோன். எந்த நாடு என்றே தெரியாத ஒரு ஊரில் பல் கட்டுகிற டாக்டர். வாய்விட்டுச் சொல்ல முடியாத இன்னும் சில. கரி வாங்க வருகிறவர் அதைப் பார்த்தால் நம்மை என்னவென்று நினைப்பார்?

நான் வேலை பார்க்கிற கம்பெனியின் தொழிலே இதுதான் மாமா. யார் பேர் எத்தனையாவதாக வருகிறது என்பதுதான் எனக்குச் சோறு. அதனால் சொல்கிறேன், கேளுங்கள். இங்கே ஒரு ஓட்டல்காரர் மொத்தமாகக் கரி வேண்டும் என்று கூகுளில் தேடினால் பேர்கள் வரிசையாக வரும். பெரும்பாலும் முதல் பக்கத்தைத் தாண்டி யாரும் போவதில்லை. போன ஆடியில் நாம் இரண்டாம் பக்கத்தில் இருந்தோம். தட்டுத் தடுமாறி இரண்டு பேர் வந்து ஆர்டர் கொடுத்தார்கள். இப்போது ஆறாம் பக்கம். முதல் பேராக யார் வருகிறார் தெரியுமா? உங்கள் மாரீஸ்வரன்தான்.

பத்துப் பேர் சொன்னால் நம்புவார்கள் என்கிறீர்கள். சரி. ஆனால் கரியைப் பற்றிக் கரி தெரிந்தவன் சொல்ல வேண்டும். மைக் செட் பக்கத்தில் கரிக் கடை பேர் இருந்தால் கூகுள் அதைச் சட்டை செய்வதில்லை. நீ என் பேரைப் போடு, நான் உன் பேரைப் போடுகிறேன் என்று சம்பந்தமே இல்லாதவர்கள் கூட்டமாகச் சேர்ந்தால், இவர்கள் ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று முடிவு கட்டிவிடும். நாம் இறங்கினதற்கு இதுதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். கூகுள் யாருக்கும் காரணம் சொல்லாது. ஆனால் ஏறுவதற்கு இது உதவவில்லை என்று சத்தியம் செய்வேன்.

எனக்குக் கிடைப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதில்தான் நம் வெப்சைட்டைப் பார்க்கிறேன். நான் பார்த்துப் பார்த்துக் கட்டியதற்குள் ஊர் பேர் தெரியாதவனை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்திருக்கிறீர்கள். அந்தப் பக்கம் அப்படியே இருக்கட்டும் என்றால் வெப்சைட்டை முழுக்க ரைஹானாவிடமே கொடுத்துவிடுகிறேன். எனக்கு வேண்டாம்.

தீபா.


குருந்தங்குளம்
19.2.2025

மருமகளுக்கு,

உன் அத்தை வாசித்த சத்தத்தில் எதிர் வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. போதுமா?

வெப்சைட்டைக் கொடுத்துவிடுவேன் என்று பயம் காட்டாதே. உன் அம்மா என் கூடப் பிறந்தவள். அவளுக்கும் இதே வாய்தான். கோபம் வந்தால் சட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாக உலை வைப்பாள், பொழுது சாய்வதற்குள் குழம்பு கேட்டு வருவாள்.

நீ சொல்கிற அந்த வெளியாட்களைச் சேர்த்தது நான்தான். மறைக்கவில்லை, தப்பு என்றும் சொல்ல மாட்டேன். ரைஹானா சென்டருக்கு நம் பேருக்கு மெயில் வந்தது. இங்கிலீஷில். அது வாசித்துத் தமிழில் சொன்னது: "மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் பேரை எங்கள் இடத்தில் ஏற்கெனவே போட்டுவிட்டோம். எங்கள் பேரையும் தயவுசெய்து போட வேண்டும்." அவன் முந்திச் செய்துவிட்டான் என்கிறான். செய்துவிட்ட மனுஷனிடம் நீ யார், எந்த ஊர், என்ன ஆட்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பார்களா? பந்தலுக்குள் வந்து சீர்த்தட்டை வைத்தவனுக்கு நாம் போய்த் தட்டு வைக்கிறோம். வைக்காவிட்டால் என்ன மனுஷன்? "பெரியவரே, இதுல சிலது நல்லா இல்ல" என்று ரைஹானா சொல்லத்தான் செய்தது. "நம்ம பேரை அவுக போட்டுட்டாகள்ல, போடும்மா" என்றேன்.

அப்புறம் உன் கூகுளுக்கு ஒரு கேள்வி. மதார் சாகிபுவுக்கும் கரிக்கும் சம்பந்தம் இல்லையா? பிரியாணி தேக்சாவுக்கு மூடி போட்டு அதற்கு மேலே தணல் வைக்கிறார்களே, அது யார் வீட்டுக் கரி? கோகுல் ஆட்டு மருந்து கொடுக்காவிட்டால் நம் ஆட்கள் ஆட்டை விட்டுவிட்டு விறகு வெட்ட வருவார்களா? உதயகுமாருக்கு மட்டும் சம்பந்தம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். சம்பந்தம் இல்லாதவனோடு பேசவே கூடாது என்றால் நீயும் நானும் ஏன் பேசுகிறோம்? நீ கம்ப்யூட்டர், நான் கரி.

முந்தாநாள் மாரீஸ்வரன் லாரியில் இந்தப் பக்கம் வந்தான். ஆலமரத்தடியில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "என்ன பெரியவரே, கம்ப்யூட்டர் கரி எரியுதா?" என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். குண்டாற்றில் வெள்ளம் வந்த வருஷம் உன் அப்பா கொண்டுபோன லோடை ஈரம், ஈரம் என்று சொல்லி அவன் இறக்க வைத்தான். அப்புறம் ஏற்ற வைத்தான். திரும்பவும் இறக்க வைத்தான். உன் அப்பா ஒற்றை ஆளாக முதுகில் சுமந்தார். இவன் நாற்காலியில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தான், உப்பு தொட்டு. எனக்கு அந்த உப்புப் பொட்டலம் மடித்த தாள்கூட நினைவிருக்கிறது. மஞ்சள் தாள்.

அந்த நாற்காலிக்கு முன்னால் போய் நிற்காமல் இருக்கத்தான் உன்னை வெப்சைட் போடச் சொன்னேன். உள்ளூர்க்காரன் முகத்தில் முழிக்க முடியாமல் போகவா போடச் சொன்னேன்?

ஒரு பேரையும் எடுக்க மாட்டேன்.

மாமன்.


கோயம்புத்தூர்
3.3.2025

மாமாவுக்கு,

அப்பா சுமந்தது எனக்குத் தெரியாது. அம்மா சொன்னதில்லை.

போன ஞாயிறு முழுவதும் ஒரு வேலை செய்தேன். உங்கள் முறைப்படியே பார்ப்போம் என்று, அந்த வெளியாட்கள் ஒவ்வொருவர் பக்கத்துக்கும் போய் நம் பேர் இருக்கிறதா என்று தேடினேன்.

பாதிக்கு மேல் நம் பேரே இல்லை. சிலர் ஒருநாள் போட்டுக் காட்டிவிட்டு, நீங்கள் திருப்பிப் போட்டதும் அழித்திருக்கிறார்கள். பலர் போடவே இல்லை, போட்டோம் என்று எழுதியதோடு சரி. மிச்சம் இருப்பவர்களிடம் நம் பேர் இருக்கிறது. எப்படித் தெரியுமா? உலகத்தில் உள்ள ஆயிரக்கணக்கான பேர்களோடு, பக்கத்தின் அடியில், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில். மனிதக் கண்ணுக்குத் தெரியாது. அவன் வீட்டு விசேஷத்துக்கு நம்மைக் கூப்பிட்டு, கொல்லைப்புறத்தில் சாக்குக்குக் கீழே உட்கார வைத்த மாதிரி.

இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை மெயிலையும் ஒரே ஆள்கூட எழுதியிருக்கலாம். எங்கோ ஒரு அறையில் உட்கார்ந்து ஊர் ஊராக அதே 'மதிப்பிற்குரிய ஐயா'வை அனுப்புவார்கள். எங்கள் கம்பெனியிலேயே முன்பு அதற்கென்று ஆட்கள் இருந்தார்கள்.

நியாயத்துக்கு நம் ஊர் ஆட்களையும் பார்த்தேன். எல்லாரிடமும் நம் பேர் இருக்கிறது. மதார் சாகிபு பக்கத்தில் முதல் வரியிலேயே, பெரிய எழுத்தில், "குருந்தங்குளம் கரி, நம்பி வாங்கலாம்" என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். இதனாலும் நாம் ஒரு படிகூட ஏறப்போவதில்லை. மூடியின் மேல் தணல் வைக்கிற கதை கூகுளுக்குத் தெரியாது.

என்ன செய்யலாம் என்று நீங்களே சொல்லுங்கள்.

தீபா.


குருந்தங்குளம்
11.3.2025

மருமகளுக்கு,

வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தா! உன் அத்தையை அந்த இடத்தை மறுபடி மறுபடி வாசிக்கச் சொன்னேன்.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு நரிக்குடி போய் ரைஹானா சென்டரில் உட்கார்ந்தேன். "ஒவ்வொண்ணா வாசிம்மா" என்றேன். அது வாசிக்க வாசிக்க "வெட்டு" என்றேன். சீட்டாட்டம், வெட்டு. மாத்திரை, வெட்டு. பல் டாக்டர் என்றதும், "பாவம், டாக்டர்னு போட்டிருக்கு பெரியவரே" என்றது. "டாக்டரா இருந்தா வாங்கிட்டுத் திருப்பிச் செய்ய வேண்டாமா? வெட்டு" என்றேன். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

உன் கூகுளுக்காக வெட்டினேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அவன் செய்தேன் என்று சொல்லிவிட்டுச் செய்யவில்லை. முறை அறுந்தது. அதற்காக வெட்டினேன்.

நம் ஆட்கள் பேர் இருக்கும். அதனால் ஏற மாட்டோம் என்கிறாய். ஏறாவிட்டால் போகட்டும்.

ஆனால் இங்கே நிலைமை சரியில்லை. முந்தாநாள் ஏழு வீட்டுக்காரர்களும் கூடினோம். ஆர்டர் இல்லை, கரி மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, மழை வந்தால் நாசம். பங்காளி முனீஸ்வரன் எழுந்து, "அண்ணே, ரோசத்தை வச்சு உலை கொதிக்குமா? நான் மாரீஸ்வரனுக்குப் போறேன்" என்றான். "போ. வெள்ளரிக்காய் வாங்கிட்டுப் போ, அவனுக்குப் பிடிக்கும்" என்றேன். மறுநாளே லோடு ஏற்றிவிட்டான். மற்ற ஐந்து வீடும் என் முகத்தைப் பார்க்கின்றன. இன்னும் கொஞ்ச நாள்தான் பார்ப்பார்கள்.

அந்தப் பேர்களில் கைவைக்காமல் ஏற வழி இருக்கிறதா, இல்லையா? இருந்தால் செய். இல்லை என்றால் இல்லை என்று எழுது. மாமனுக்கு மனசு நோகும் என்று சுற்றி வளைக்காதே. நோகாது.

மாமன்.

(நோகும். தூங்காமல் புரள்கிறார். அத்தை.)


கோயம்புத்தூர்
9.6.2025

மாமாவுக்கு,

மார்ச்சிலேயே பதில் எழுதியிருக்க வேண்டும். ஏதாவது நடந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன். நீங்களும் போனை அத்தையிடமே கொடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

வழி இருந்தது. அத்தை எடுத்து அனுப்பிய மூட்டம் போட்டோக்களை எல்லாம் ஏற்றினேன். கரி வாங்குகிறவர்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் எழுதிவைத்தேன். நம்மிடம் வாங்குகிற இரண்டு ஓட்டல்காரர்களிடமும் நேரில் போய், கரி எங்கிருந்து வாங்குகிறோம் என்று உங்கள் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள் என்று கேட்டேன். ஒருவர் எழுதினார். இன்னொருவர் டீ கொடுத்து அனுப்பினார்.

ஊர்க்காரர் பேர்களை எடுக்கவில்லை. 'எங்கள் ஊர்க்காரர்கள்' என்று தலைப்புப் போட்டு, ஒவ்வொரு பேருக்கும் பின்னால் ஒரு குறி வைத்தேன். கண்ணுக்குத் தெரியாது. "இதை எங்கள் சிபாரிசாக எண்ண வேண்டாம்" என்று கூகுளுக்கு மட்டும் சொல்கிற குறி. அவர்களிடம் மறைப்பது சரியில்லை. நீங்களே சொல்லிவிடுங்கள்.

போன வாரம் இரண்டாம் பக்கத்துக்கு வந்துவிட்டோம். வந்ததும் இரண்டு புது ஆர்டர். அத்தை சொல்லியிருப்பார்கள்.

இப்போது கஷ்டமான விஷயம். மாரீஸ்வரன் ஆபீசிலிருந்து மெயில் வந்திருக்கிறது. நம் பேரை அவர்கள் வெப்சைட்டில், 'எங்கள் உற்பத்தியாளர்கள்' என்ற இடத்தில், லிங்கோடு போடுகிறார்களாம். பதிலுக்கு நம் வெப்சைட்டின் முகப்பில் அவர்கள் பேரைப் போட வேண்டுமாம்.

மாமா, என் தொழிலை வைத்துச் சொல்கிறேன். இத்தனை நாள் நான் எது உதவாது என்று சொன்னேனோ, இது அதற்கு நேர் எதிர். அது கரி, இதுவும் கரி. முதல் இடத்தில் இருப்பவர் நம்மைக் காட்டினால் கூகுள் மதிக்கும். பெரும்பாலும் முதல் பக்கத்துக்கு வந்துவிடுவோம். ஐந்து வீடும் நிம்மதியாக இருக்கும். வாங்கிக்கொள்ளுங்கள் என்பதுதான் ஆபீஸ் தீபா சொல்வது.

நம் வீட்டுத் தீபா என்ன சொல்கிறாள் என்று கேட்காதீர்கள். முடிவு உங்களுடையது.

தீபா.


குருந்தங்குளம்
16.6.2025

மருமகளுக்கு,

முதலில் குறி விஷயம். நேரில் போய் ஒவ்வொருவரிடமும் சொன்னேன். "உங்க பேரு இருக்கும், ஆனா மிஷினு எண்ணாது. எண்ண வேணாம்னு நாங்களே சொல்லிட்டோம். கோவம்னா இப்பவே சொல்லிருங்க." கோகுல், "நம்ம ஆளுக பார்ப்பாகள்ல, அது போதும்" என்றான். உதயகுமார் சிரித்தான்: "மிஷினு எண்ணவா மாமா போட்டோம்? நரிக்குடி பஸ் ஸ்டாண்டுல நாலு பேரு எண்ணுனாப் பத்தாது?" மதார் சாகிபு மட்டும் கையில் இருந்த தேக்சா மூடியைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "பொன்னுச்சாமி, நீங்க எண்ணாதேன்னு சொல்லிக்கங்க. நான் சொல்ல மாட்டேன். என் பக்கத்துல உங்க பேரு அப்படியேதான் இருக்கும்." அவரை ஜெயிக்க முடியாது.

இப்போது மாரீஸ்வரன்.

தீபா, நீ சொல்வது புரியாமல் இல்லை. அந்த ஒரு பேரை வாங்கிக்கொண்டால் ஏறிவிடுவோம். ஐந்து வீட்டையும் கூப்பிட்டு உன் கடிதத்தை அப்படியே வாசிக்கச் சொன்னேன். ஒளிக்கவில்லை. முனீஸ்வரனும் வந்து ஓரமாக நின்றான். அவனை யாரும் கூப்பிடவில்லை. உன் அத்தை வாசித்து முடித்ததும் அவனே பேசினான்: "அண்ணே, வாங்கிராதீக. போன லோடுல என்னைய மறுபடி இறக்க வச்சான்."

நான் சொன்னது இதுதான். செய்முறையை வாங்கினால் திருப்பிச் செய்தாக வேண்டும். அது என் வீட்டு வழக்கம். என்னால் மாற்ற முடியாது. அவன் இன்றைக்குப் பேரைப் போடுவான். நாளைக்கு நம்மிடம் வருகிற ஓட்டல்காரர் அவன் பேரைப் பார்த்து அவனிடம் போவார். கேட்டால், "நான் செஞ்சேன், நீங்க செஞ்சீக" என்பான். அப்போது என் வாயில் பதில் இருக்காது. உதயகுமார் நம்மை ஏற்றிவிட மாட்டான், ஆனால் இறக்கிவிடவும் மாட்டான். இவன் ஏற்றுவது எதற்காக என்று எனக்குத் தெரியும். அவனுடைய உற்பத்தியாளர்களா நாங்கள்? எவன் உற்பத்தி செய்தான் எங்களை?

பணிந்து மேலே வருவதற்குக் கீழேயே கிடக்கிறேன். ஐந்து வீடும் சரி என்றுவிட்டது. ஆறு வீடு என்று எழுதச் சொல்லி முனீஸ்வரன் பக்கத்திலேயே நிற்கிறான். எழுதிக்கொள், ஆறு. என்னோடு ஏழு.

ஆனால் வெப்சைட் நீ கட்டியது. எங்களை இரண்டாம் பக்கத்துக்குக் கொண்டுவந்ததும் நீ. ஆபீஸ் தீபா வேண்டும் என்றால் அவள் கையிலும் பாஸ்வேர்டு இருக்கிறது. நீ போட்டால் அழிக்கச் சொல்லி நரிக்குடிக்குப் போக மாட்டேன்.

மாமன்.


கோயம்புத்தூர்
20.6.2025

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் இன்று வந்தது. மாரீஸ்வரன் ஆபீசுக்கு நான் பதில் அனுப்பியது போன வாரம். உங்களுக்கு எழுதிய கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்த அன்றே அனுப்பிவிட்டேன். ஆபீஸ் தீபாவுக்கு அன்றைக்கு லீவு.

மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் பேரை உங்கள் இடத்தில் போட வேண்டாம், உங்கள் பேரும் எங்கள் இடத்தில் வராது என்று எழுதினேன். கீழே தீபலட்சுமி என்று மட்டும் போடவில்லை. அப்பா பேரையும் சேர்த்துப் போட்டேன்.

அவர்கள் ஆள் போன் செய்து, "நீங்க எப்பவும் ரெண்டாம் பக்கம்தான் மேடம், யார் தேடி வருவா?" என்றான்.

கரி வேண்டும் என்கிறவன் ஒரு பக்கம் தள்ளி வரட்டும் என்று சொல்லிவிட்டு, இந்த முறை போனை நான் முதலில் வைத்தேன்.

தீபா.